அம்மாவுக்குக் "கரண்ட்" வைக்கச் சம்மதிக்கலாமா?

யாழ்ப்பாணம் வலிகாமத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். தகப்பன் தவறி எட்டு மாதம். அறுபத்தொரு வயதுத் தாய் அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் கதையைக் குறைத்து, இப்போது சாப்பாட்டையும் விட்டுவிட்டார். "என்ர குடல் அழுகிப்போச்சு, சோறு போக இடமில்லை" என்கிறார். இரண்டு விதமான மருந்து மாறி மாறிக் கொடுத்தும் முன்னேற்றம் இல்லை. விடுதியில் டொக்டர் ஈ.சி.ரி. (மின்சாரத்தால் மூளையில் வலிப்பை உண்டாக்கும் சிகிச்சை) செய்வோம் என்று சொல்லிப் படிவத்தைக் கையில் தந்திருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் வட்ஸ்அப்பில், "அம்மாவின்ர மூளையைக் கருக்கப் போறாங்கள், கையெழுத்து வைக்காதை" என்கிறார். சின்னம்மா ஒருக்கால் கழிப்புக் கழித்து (பேய், கண்ணூறு போக்கும் சடங்கு) பார்ப்போம் என்கிறார். "நான் என்ன செய்ய?"

தங்கச்சி, நான் மனநோயாளர் விடுதியில் இருபது வருஷத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஈ.சி.ரி. நடக்கும் காலைகளில் கட்டிலின் தலைமாட்டில் நின்றிருக்கிறேன். நீங்கள் எழுதியது சரியாக இருந்தால், என்னுடைய அம்மாவாக இருந்தாலும் நான் கையெழுத்து வைப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இப்போது நீண்ட விளக்கத்தை விட ஒரு நேரான பதில்தான் வேணும் என்று எனக்குத் தெரியும். ஆனால் படிவத்தில் கையெழுத்து வைக்க முதல் நீங்கள் அறிய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. அதில் சில, விடுதியில் எவரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லாதவையாகவும் இருக்கலாம்.

முதலில் அம்மாவின் நோய். புருஷன் செத்த துக்கம் வேறு, இது வேறு. துக்கப்படுகிற மனுஷி அழுவார், அவரைப் பற்றிக் கதைப்பார், பேரப்பிள்ளை வந்தால் ஒரு நிமிஷமாவது முகம் மாறும். குடல் அழுகிவிட்டது, தான் ஏற்கெனவே செத்துவிட்டேன், வீட்டில் காசு எல்லாம் முடிந்துவிட்டது என்று அசைக்க முடியாமல் நம்புவது கடும் மனச்சோர்வோடு உளமாயமும் (இல்லாததை உண்மையென்று நம்புவது) சேர்ந்த நிலை. இந்த நிலையில் உள்ளவரிடம் "ஸ்கான் பண்ணிப் பார்த்தாச்சு, குடல் நல்லா இருக்கு" என்று ஆயிரம் தரம் சொன்னாலும் ஏறாது. இந்த நோய்க்குத்தான் ஈ.சி.ரி. மிக நன்றாக வேலை செய்கிறது. கடும் மனச்சோர்வில் பொதுவாகப் பத்துப் பேரில் ஆறு முதல் எட்டுப் பேருக்குத் தெளிவான சுகம் கிடைக்கிறது. இப்படி மாயநம்பிக்கை சேர்ந்தவர்களிலும் வயதானவர்களிலும் பலன் இன்னும் கூட. மாத்திரை வேலை செய்யக் கிழமைக் கணக்கு எடுக்கும். தண்ணியும் குடிக்காமல் படுத்திருக்கிற ஒருவருக்கு அந்தக் கிழமைகள் இல்லை. டொக்டர் இப்போது இதைக் கேட்பதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

இனி அந்தச் சொல். "கரண்ட் வைக்கிறது" என்று நாங்கள் எல்லாரும் சொல்கிறோம், விடுதியில் வேலை செய்தவர்களும் சொல்கிறோம். அந்தச் சொல்லே பாதிப் பயத்தைக் கொண்டுவருகிறது. சுகம் தருவது கரண்ட் அல்ல, அது மூளையில் உண்டாக்கும் வலிப்பு. இதை விளங்கிக்கொள்ள, கரண்ட் வருவதற்கு முந்திய கதையைக் கேளுங்கள். 1934 இல் புடாபெஸ்டில் மெடூனா என்ற வைத்தியர், வலிப்பு வந்த மனநோயாளருக்குச் சில நேரம் மனம் தெளிவதைக் கவனித்து, வலிப்பும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எண்ணினார். ஆடாமல் அசையாமல் உறைந்து கிடந்த ஒரு நோயாளிக்கு எண்ணெயில் கரைத்த கற்பூரத்தை ஊசியாகப் போட்டு வலிப்பை வரவழைத்தார். ஆம், நாங்கள் கோயிலில் கொளுத்துகிற அதே கற்பூரம். சில தடவைகளில் அந்த மனிதர் எழும்பி உட்கார்ந்து கதைத்தார். மெடூனாவின் எண்ணம் பிழை என்று பிறகு தெரிந்தது, ஆனால் சுகம் உண்மையாகவே வந்தது. கற்பூர ஊசி போடப்பட்டவர் வலிப்பு வரும்வரை பயங்கரமான பதற்றத்தில் தவிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக, 1938 இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் அதே வலிப்பை ஒரு கணத்தில் கொண்டுவர மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். மின்சாரம் வந்தது வலிப்பைத் தொடக்கிவிடும் கருவியாகத்தான்.

உங்கள் அண்ணனின் பயம் காரணமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். மயக்கமில்லாமல், முழு விழிப்பில் இருந்த நோயாளியை நாலு பேர் பிடித்து அமர்த்தி இதைச் செய்த காலம் ஒன்று இருந்தது. வலிப்பின் வேகத்தில் முள்ளந்தண்டு நொறுங்கியது, பல் உடைந்தது. எங்கள் பக்கத்து நாடுகளில் அது கன காலம் தொடர்ந்தது. இந்தியாவில் மயக்கமருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் ஈ.சி.ரி. செய்வதைச் சட்டமாகத் தடை செய்தது 2017 இல்தான். படங்களில் நீங்கள் பார்ப்பது அந்தப் பழைய முறையை, அதையும் கதாநாயகனைத் தண்டிக்கிற காட்சியாக.

யாழ்ப்பாணத்தில் இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. போர்க்காலத்தில் பிடித்து வைத்த இடங்களில் உடம்பில் கரண்ட் பாய்ச்சிச் சித்திரவதை பட்டவர்கள் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள், எங்கள் குடும்பங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அவர்கள் காதில் "கரண்ட் வைக்கப் போறம்" என்ற சொல் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் கண்டிருக்கிறேன். ஒருவர் கட்டிலுக்குக் கீழே போய் ஒளித்தார். நாங்கள் சொல்லைக் கவனமில்லாமல் வாயில் எடுத்ததுதான் பிழை. அதன் பிறகு நான் வேலை செய்த இடத்தில் அந்தச் சொல்லை நோயாளிக்கு முன்னால் சொல்வதை நிறுத்தினோம். உங்கள் வீட்டில் எவருக்காவது, அல்லது அம்மாவுக்கே அப்படி ஒரு பழைய சம்பவம் இருந்தால் டொக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். எல்லாம் நித்திரையில்தான் நடக்கும் என்று அம்மாவுக்கு ஆறுதலாக, ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டும்.

சரி, அன்று காலை என்ன நடக்கும்?

முந்திய நாள் அம்மாவைத் தலை முழுக வையுங்கள். சீயாக்காயோ ஷாம்போவோ, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளியும் இருக்கக் கூடாது. எங்கள் பெண்கள் முழுகிவிட்டு உடனே தலைக்கு எண்ணெய் வைப்பது பழக்கம், அன்றைக்கு வேண்டாம். எண்ணெய் இருந்தால் நெற்றிப்பொட்டில் வைக்கும் தகடு தோலில் சரியாகப் படியாது. கொண்டை ஊசி, தோடு, சங்கிலி, கட்டுப்பல் எல்லாம் கழற்ற வேண்டும். நகத்தில் கியூடெக்ஸ் இருந்தால் அழித்துவிடுங்கள், விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி அதனால் பிழையாகக் காட்டலாம்.

அதைவிட முக்கியம் வெறும் வயிறு. இரவு படுத்த பிறகு சாப்பாடு கிடையாது, காலையில் விடுதி எதை அனுமதிக்கிறதோ அது மட்டும். ஒருமுறை ஒரு பாட்டி, "பாவம் பிள்ளை, தொண்டை காஞ்சு கிடக்குது" என்று விடியப்புறம் பால்தேத்தண்ணி ஒரு கோப்பை பருக்கிவிட்டார். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து சுவாசப்பைக்குள் போனால் ஆள் தப்புவது கஷ்டம். நல்ல வேளையாக மருமகள் சொல்லிவிட்டார், அன்றைய ஈ.சி.ரி.யை நிறுத்தினோம். பாட்டியைக் குறை சொல்ல முடியாது. ஏன் கூடாது என்று நாங்கள் அவருக்கு ஒரு வார்த்தையும் விளங்கப்படுத்தியிருக்கவில்லை.

அறைக்குள் போனதும் இதயத் துடிப்பு, பிரஷர், ஒட்சிசன் பார்க்கும் வயர்கள் பூட்டப்படும். கையில் ஊசி ஏற்றுவார்கள், அரை நிமிஷத்துக்குள் அம்மா நித்திரை. அதற்குப் பிறகுதான் தசையைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியம் போகும். முகத்தில் தொடங்கிப் பாத விரல் வரை உடம்பு முழுக்க ஒரு சின்னத் துடிப்பு ஓடி அடங்கும். அது அடங்கினால் தசைகள் தளர்ந்துவிட்டன என்று அர்த்தம். மயக்க மருந்து டொக்டர் முகமூடியால் ஒட்சிசன் கொடுத்துக்கொண்டே இருப்பார். பற்களுக்கு இடையே மிருதுவான கட்டை ஒன்று வைப்போம். தசை தளர்ந்திருந்தாலும் கரண்ட் போகும்போது தாடை தானாக இறுகும், நாக்குக் கடிபடக் கூடாது. பிறகு மின்சாரம், ஒரு அம்பியருக்கும் குறைவான மிகச் சிறிய துடிப்புகளாக, ஆகக்கூடியது எட்டுச் செக்கன். அதன் பின் வலிப்பு, பெரும்பாலும் இருபது முதல் அறுபது செக்கன். வெளியே பார்க்கிறவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால் சில இடங்களில் ஒரு காலில் பிரஷர்ப் பட்டியை இறுக்கிப் பூட்டி, அந்தப் பாதத்துக்கு மட்டும் தளர்த்தும் மருந்து போகாமல் விடுவார்கள். அந்த ஒரு பாதம் துடிப்பதை எண்ணித்தான் உள்ளே வலிப்பு நடக்கிறது என்று அறிவது. புதிய மெஷினில் மூளை அலையும் கடதாசியில் விழும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அம்மா கண் திறப்பார்.

முதன்முதல் இதைப் பார்க்க வந்த மாணவத் தாதிகள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இவ்வளவுதானா, மிஸி?"

இப்படிக் கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று தரம், மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு தரம் வரை. மூன்றாவது நாலாவது தடவைக்குப் பிறகு பெரும்பாலும் முதல் மாற்றம் தெரியும். அது பெரிய மாற்றமாக இராது. உங்கள் கையிலிருந்து கரண்டியைத் தானே வாங்குவார். அல்லது "உன்ர பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையே இண்டைக்கு" என்று கேட்பார். கிணற்றடியில் ஒரு கையை உயர்த்தியபடி மணிக்கணக்காக நின்ற ஒரு பெடியனை எனக்கு மறக்க முடியாது. வீட்டார் நூல் கட்டி, கழிப்புக் கழித்து, கடைசியில் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த உறைநிலைக்கு முதலில் லோராசெபாம் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம், அது அவனுக்குக் காணவில்லை. இரண்டாவது ஈ.சி.ரி. முடிந்த பின்னேரம், "அக்கா, தண்ணி" என்றான். அவனுடைய தாய் விடுதி வாசலில் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

ஆபத்து? ஒரு இலட்சம் தடவை செய்தால் ஏறக்குறைய இரண்டு இறப்பு என்பது உலகளவில் சேர்த்த கணக்கு. மயக்கம் கொடுத்துச் செய்யும் ஒரு சின்ன ஒப்பரேஷனின் ஆபத்து அளவுதான் அது. தலையிடி, உடம்பு நோ, வாந்தி வருவதுபோல் இருப்பது எல்லாம் ஒரு பனடோலோடு போகும். வலிப்பின்போது இதயம் சற்று மெதுவாகிப் பிறகு வேகமெடுக்கும், பிரஷர் ஏறும். அதனால் அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்கள், மூளையில் கட்டி இருப்பவர்கள் விஷயத்தில் டொக்டர்மார் மிகவும் யோசிப்பார்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது, இதைக் கட்டாயம் வாசியுங்கள். உங்கள் வீட்டில் தோட்டம் இருக்கலாம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடிக்கிற பூச்சிமருந்துகளில் ஓகனோபொஸ்பேட் வகையைச் சேர்ந்தவை, நான் மேலே சொன்ன சக்ஸமெத்தோனியத்தை உடம்பில் உடைக்கும் நொதியைக் குறைத்துவிடும். சாதாரணமாகச் சில நிமிஷத்தில் தெளிய வேண்டிய தசைத் தளர்ச்சி மணிக்கணக்கில் நீண்டு, மெஷினில் மூச்சுக் கொடுக்க வேண்டிவரும். கடந்த சில கிழமைகளில் அம்மா எந்த விதத்திலாவது அந்தப் பூச்சிமருந்தோடு சம்பந்தப்பட்டிருந்தால், அது வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமாக இருந்தாலும், மயக்க மருந்து டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் பொலிசுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகக் கேட்பதில்லை. இரத்த உறவில் எவருக்காவது ஒப்பரேஷனுக்குப் பிறகு மூச்சு வரப் பிந்தியது என்ற கதை இருந்தால் அதையும் சொல்லுங்கள், அந்த நொதிக் குறைபாடு பரம்பரையாகவும் வரும்.

இப்போது மறதி. அண்ணன் "மூளையைக் கருக்கிப்போடுவாங்கள்" என்பது பிழை, ஈ.சி.ரி. மூளையை எரிப்பதில்லை. ஆனால் "ஒன்றும் ஆகாது" என்று எவராவது சொன்னால் அதுவும் பிழை. சிகிச்சை நடக்கும் கிழமைகளில் புதிய விஷயங்கள் மனதில் நிற்காது. காலையில் வந்துபோனவரை மாலையில் வரவில்லை என்பார். இது முடிந்து சில கிழமைகளில் பெரும்பாலும் சரியாகிவிடும். மற்றது, சிகிச்சைக்கு முந்திய மாதங்களின் நினைவுகளில் விழும் ஓட்டைகள். சில திரும்பும், சில திரும்பாது. நோயாளிகளிடமே கேட்டு இங்கிலாந்தில் தொகுத்து 2003 இல் வெளிவந்த ஒரு ஆய்வில், குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் நீடித்த நினைவிழப்பைச் சொல்லியிருக்கிறார்கள்.

என்னுடைய விடுதியில் சுகமாகிப் போன ஒரு அம்மா, பேத்தியின் சாமத்தியவீட்டை முழுவதுமாக மறந்துவிட்டார். வீட்டில் வீடியோவைப் போட்டுக் காட்டினார்களாம். கிளினிக்குக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "வீடியோவில நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன், பிள்ளை. ஆனா நான் அங்க போகேல்லை." அவருக்குக் கோபம் ஈ.சி.ரி. மேல் இல்லை, தான் சுகமானது அதனால்தான் என்று ஒத்துக்கொண்டார். இப்படி நடக்கலாம் என்று முதலே ஒருவரும் சொல்லவில்லையே என்றுதான் கோபம். அந்தக் கோபம் நியாயமானது, நானும் சொல்லாதவர்களில் ஒருத்தி. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மறதியைக் குறைக்க வழி இருக்கிறது. இரண்டு நெற்றிப்பொட்டிலும் தகடு வைத்தால் சுகம் கெதியாக வரும், மறதி கூட. வலப்பக்கம் மட்டும் வைத்தால் மறதி குறைவு, ஆனால் மின்னளவைக் கூட்ட வேண்டும், சில தடவைகள் கூடவும் தேவைப்படலாம். எதை வைக்கப் போகிறீர்கள், ஏன் என்று டொக்டரிடம் கேளுங்கள். அம்மா சாப்பிடாமல் இருக்கிறபடியால் அவர் இருபக்கத்தைத் தேர்ந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். கிழமைக்கு மூன்றா இரண்டா என்பதும் கேட்கலாம், இரண்டு என்றால் மறதி குறையும். பாவிக்கிற எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நித்திரைக் குளிசைகளும் வலிப்புக் குளிசைகளும் ஈ.சி.ரி.யின் வேலையைக் கெடுக்கும், லித்தியம் என்ற மனநிலை மருந்து இருந்தால் குழப்பம் கூடலாம்.

அண்ணனோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர் இருக்கிற ரொறன்ரோவிலேயே பெரிய மனநல வைத்தியசாலைகளில் இது இன்றைக்கும் நடக்கிறது, லண்டனிலும் நடக்கிறது. அங்குள்ள தன்னுடைய குடும்ப வைத்தியரிடமே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தூரத்தில் இருந்து ஒன்றும் செய்ய முடியாதவர்களுக்கு "செய்யாதை" என்று சொல்வதுதான் ஒரே வழியாகத் தெரியும். விடுதி டொக்டரோடு ஒருமுறை போனில் கதைக்க வைத்தால் பாதி இறங்கிவிடுவார். சின்னம்மா கோயிலில் அர்ச்சனை செய்யட்டும், விபூதி கொண்டுவந்து பூசட்டும், அதை எந்த டொக்டரும் தடுக்க மாட்டார். கழிப்புக்காக அம்மாவை விடுதியிலிருந்து பெயர் வெட்டிக்கொண்டு போக மட்டும் விடாதீர்கள். இந்த நிலையில் அவருக்கு ஒரு கிழமை பெரிய காலம்.

படிவத்தில் நீங்கள் வைக்கும் கையெழுத்து எல்லாத் தடவைக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்த உறுதி அல்ல. இடையில் நிறுத்தச் சொல்லலாம். அம்மா தெளிந்து வரும்போது, மிச்சத்துக்கு அவருடைய சம்மதத்தையே கேட்க வேண்டும். நீங்களும் அதை டொக்டருக்கு நினைவூட்டுங்கள்.

இன்னொன்று. எங்களிடம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காகக் குந்தியிருக்கிற தாய்மார் இருக்கிறார்கள். சிலர் என்னிடம் "அவவுக்கும் கரண்ட் வைச்சால் மறந்திடுவா தானே" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. ஈ.சி.ரி. அந்தத் துயரத்துக்கான மருந்து அல்ல, அதற்காகச் செய்யவும் கூடாது. போர் ஒரு சமூகத்தையே எப்படிக் காயப்படுத்தியது என்று எங்கள் மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நிறைய எழுதியிருக்கிறார். அந்தக் காயத்தை ஒரு மெஷினால் ஆற்ற ஏலாது. உங்கள் அம்மாவுக்கும் நோய் போன பிறகு துக்கம் மிஞ்சும். அழுவார். அதைக் கண்டு நோய் திரும்பிவிட்டது என்று பதறாதீர்கள்.

ஆனால் நோய் உண்மையாகவே திரும்பும் வாய்ப்பும் பெரிது. 2001 இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஈ.சி.ரி.யால் சுகமான பிறகு வெற்று மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. நோட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து எடுத்தவர்களில் 60, அதோடு லித்தியமும் சேர்த்து எடுத்தவர்களில் 39. சுகமாகிவிட்டது என்று கிளினிக்கை விடுகிற குடும்பங்களை நான் நிறையக் கண்டேன், ஆறு மாதத்தில் அதே கட்டிலுக்குத் திரும்பி வந்தார்கள். கிளினிக் துண்டில் எழுதிய திகதிக்குப் போங்கள். சிலருக்கு மாதம் ஒருமுறை ஈ.சி.ரி. தொடர வேண்டியும் வரும்.

கடைசியாக ஒன்று, இதை முதல் நாளே யோசித்து வையுங்கள். மயக்கம் தெளியும்போது அம்மாவுக்கு முதல் அரை மணித்தியாலம் எங்கே இருக்கிறேன் என்று தெரியாது. அந்த நேரத்தில் பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்லது, நீங்களே இருங்கள். ஒரு கொப்பி வாங்கி, இன்றைக்கு யார் வந்தது, என்ன சாப்பிட்டது என்று நாளுக்கு நாள் எழுதி வையுங்கள், பிறகு அவர் தானாகவே புரட்டிப் பார்ப்பார். அப்பா தவறியது இந்த எட்டு மாதத்துக்குள் என்றபடியால், சில வேளை அதுவே மங்கிப்போய், "அப்பா எங்க? இன்னும் வரேல்லையோ?" என்று கேட்கக்கூடும். கண் திறந்த உடனே கேட்டால், "நான் இருக்கிறன் அம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டால் காணும். நன்றாகத் தெளிந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்த பிறகும் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அவர் போய்விட்டார், நீங்களும் செத்தவீட்டில் இருந்தீர்கள், நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் அனுப்பினோம் என்று மெல்லச் சொல்லுங்கள். அவர் அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள்.